மண்ணுக்குள் குரைக்கும் நாய்

மயிலை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. கோயம்புத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் வசிக்கும் என் மைத்துனர், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்பதற்காக ஒரு ஜாக் ரஸ்ஸல் டெரியர் குட்டியை வாங்கினார். சோபாவின் பஞ்சு, இரண்டு கதவுகளின் கீழ் விளிம்பு, கடைசியாக அண்டை வீட்டாரின் பொறுமை என்று ஒவ்வொன்றாக இழந்தபின், "உங்களிடம் கடற்கரை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, அங்கே நன்றாக இருப்பான்" என்று சொல்லி, காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அங்கே அவன் பெயர் மிலோ. என் தாயாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. வெள்ளை உடம்பைப் பார்த்து, மாட்டின் நிறத்துக்குச் சொல்லும் பெயராலேயே 'மயிலை' என்று கூப்பிடத் தொடங்கினார். இரண்டே நாளில் அந்தப் பெயருக்கு அவன் காது கொடுத்துவிட்டான்.

எங்கள் ஊர் மண்டபத்துக்கு மேற்கே, வேதாளைப் பக்கம் உள்ளது. தென்கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பனங்காடும் எங்கள் கருவாட்டுக் கிட்டங்கியும் மட்டுமே இருக்கின்றன. இத்தனை இடம் இருக்கும்போது ஆறரைக் கிலோ எடையுள்ள ஒரு நாயால் என்ன தொல்லை வந்துவிடப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நினைப்பைத் திருத்திக்கொள்ள எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது; அந்த ஓராண்டுக்கான விலையைப் பக்கத்து வீட்டுக் கோழிகளும் சேர்ந்து கொடுத்தன.

முதல் மாதம் முழுவதும் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் கடற்கரையில் அவனை ஓடவிட்டேன், பந்து எறிந்தேன், என் மகன் சைக்கிளில் போக அவன் பின்னாலேயே ஓடினான். களைத்துப் படுப்பான் என்று எதிர்பார்த்தோம். நடந்தது நேர்மாறானது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் அவனுடைய தசைகள் இறுகி, மூச்சு நீண்டு, மூன்று மணி நேரம் ஓடினாலும் அசராத உடம்பு அவனுக்கு வாய்த்தது. பந்து எறிவதை நிறுத்திய பிறகும் பந்தையே எதிர்பார்த்து வெறித்துக்கொண்டு நிற்பான். கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் பட்டுச் சுவரில் விழும் ஒளிப்பொட்டைக்கூடத் துரத்தத் தொடங்கியபோதுதான், நான் செய்வது தவறு என்று முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. இந்த இனங்களில் ஒளியையும் நிழலையும் துரத்தும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது; ஆகவே லேசர் விளக்கைக் காட்டி விளையாடுவதை, அது எவ்வளவு வேடிக்கையாகத் தெரிந்தாலும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

அதற்கிடையில் வேலி தோற்றது. இந்தப் பக்கத்து வீடுகளைச் சுற்றிப் பனைமட்டை வேலிதான் இருக்கும். ஆடு மாட்டுக்கு அது போதும். மயிலை மட்டைகளைத் தொடவே இல்லை. அடியில் மணலைப் பறித்தான். கடற்கரை மணலில் ஒரு டெரியர் தன் உடம்பு நுழையுமளவு பள்ளம் பறிக்க நான்கு நிமிடம் போதும் என்பதை நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். கையில் கிடைத்தது என்று பழைய வலையை மடித்து வேலியடியில் புதைத்தேன். அது பெரிய மடத்தனம். மூன்றாம் நாள் முன்னங்கால் வலைக்கண்ணில் சிக்கி, இழுக்க இழுக்க இறுகி, தோல் உரிந்து கிடந்தான். பிறகு வெல்ட் மெஷ் கம்பிவலை வாங்கி, ஒன்றரை அடி ஆழத்துக்கு நேராகவும், அடியில் உள்பக்கமாக ஓர் அடி படுக்கையாகவும் மடித்துப் புதைத்தோம். நாய் வேலியை ஒட்டித்தான் பறிக்கும், இரண்டடி பின்னால் வந்து பறிக்காது. படுக்கையாக மடித்த அந்த ஓர் அடிதான் வேலியை உண்மையில் காப்பாற்றியது.

இந்த வேலை முடிவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மூன்று கோழிகள் போயின. கோழிக்குப் பணம் கொடுத்துவிட்டேன். அவர் எங்களிடம் பழையபடி பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நாய் வளர்ப்பில் எனக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. என் தகப்பனார் காலத்தில் வீட்டில் கன்னி நாய் இருந்தது. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் நாய்கள். வெட்டவெளியில் இரை ஓட, நாய் ஓட, எல்லாமே எசமானின் கண்முன்னால் நடந்து முடியும். ஓட்டம் முடிந்தால் அந்த நாய் திண்ணையில் நாள் முழுவதும் படுத்துக் கிடக்கும். நான் மயிலையையும் அதே கண்ணால்தான் பார்த்தேன். அவன் வேறு தொழிலுக்கு உருவாக்கப்பட்டவன் என்பது எனக்குத் தெரியவில்லை.

டெரியர் என்ற சொல்லின் வேர், மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'டெர்ரா'. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்த ஜான் ரஸ்ஸல் என்பவர், 1819இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, பால்காரர் ஒருவரிடமிருந்து 'டிரம்ப்' என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார்; இந்த இனத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. (தங்கச்சிமடத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "சாமியாரு வேட்டைக்குப் போவாராக்கும்?" என்று கேட்டுவிட்டு, நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். போயிருக்கிறார், 1883இல் இறக்கும்வரை அவர் பெயர் பெற்றதே வேட்டைக்காரர் என்றுதான்.) குதிரையில் வரும் வேட்டைக்காரர்களுக்குப் பயந்து நரி வளைக்குள் புகுந்துகொண்டால், அந்த இருட்டுக்குள் தனியாகப் போய், நரியைக் கொல்லாமல், அது வெளியே ஓடும்வரை எதிரில் நின்று குரைக்க வேண்டும், அதுதான் இந்த நாயின் வேலை. நரியென்று தவறாக எண்ணி வேட்டைநாய்கள் கடித்துவிடக் கூடாது என்பதற்காக வெள்ளை நிறம் விரும்பப்பட்டது. குறுகிய வளைக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக, ஒரு மனிதர் தம் இரு கைகளால் வளைத்துப் பிடிக்கக்கூடிய மார்பு வேண்டும் என்று இன்றும் அளவு வைத்திருக்கிறார்கள். 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரமும் 5 முதல் 6 கிலோ எடையும் இலக்கணம். மயிலை அரைக் கிலோ கூடுதல். என் தாயாரின் கைவண்ணம்.

இதையெல்லாம் படித்தபிறகு எனக்கு உறைத்தது ஒன்றுதான். ஆட்டைக் காக்கும் நாய் எசமானின் விசிலைக் கேட்டு நடக்கும். சுடப்பட்ட பறவையை எடுத்துவரும் நாய் எசமானின் கையைப் பார்த்து நடக்கும். மண்ணுக்குள் போகும் நாய்க்கோ, எசமானின் குரலும் எட்டாது, கையும் தெரியாது. உள்ளே இருப்பதை எதிர்ப்பதா, பின்வாங்குவதா, எங்கே கடிப்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்ற எல்லா முடிவுகளையும் அது தானே எடுக்க வேண்டும். எடுக்கத் தெரிந்த நாய்களிடமிருந்து மட்டுமே தலைமுறை தலைமுறையாகக் குட்டிகள் எடுக்கப்பட்டன. நான் 'சொல்பேச்சு கேட்காத நாய்' என்று திட்டிக்கொண்டிருந்தது, இருநூறு ஆண்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்க்கப்பட்ட குணத்தைத்தான். அதை அடித்துத் திருத்த முடியாது. அதற்குத் தகுந்த வேலையைக் கொடுத்து, எந்த வளைக்குள் நுழையலாம் என்பதை மட்டும் நம் கையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த அறிவு படித்ததனால் மட்டும் வந்துவிடவில்லை. ஓர் ஆவணி மாதப் பிற்பகலில் அது எனக்கு வந்தது.

அன்று கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பனங்காட்டின் ஓரத்தில் உள்ள மேட்டைக் கடக்கும்போது மயிலை திடீரென்று பின்னோக்கி இழுத்துத் தலையைக் கழுத்துப்பட்டையிலிருந்து உருவிக்கொண்டு, பட்டுப்போன ஒரு பனையின் தூருக்கடியில் இருந்த வளைக்குள் மறைந்தான். கூப்பிட்டேன், காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சிறிது நேரத்தில் காலுக்கடியிலிருந்து, மூடிய பெட்டிக்குள் யாரோ குரைப்பதுபோல, அவன் குரைப்பு கேட்டது. ஒரு மணி நேரம் அந்த ஒலி ஒரே இடத்தில் நின்றது. பிறகு நின்றுபோனது.

கிட்டங்கியில் இருந்த இரண்டு பேரை மண்வெட்டியோடு அழைத்து வந்தேன். ஒலி கேட்ட இடத்துக்கு நேர்மேலே நின்று அவர்கள் முதல் வெட்டு வெட்டப்போகும்போது, அந்தப் பக்கம் வந்த ஒரு வயதான பனையேறி ஓடிவந்து கையைப் பிடித்தார். "மேல மிதிக்காதிய, மணல் இறங்கி மூடிரும்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது பின்னால்தான் விளங்கியது. நரி வளைகளைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகள் இறுகிய மண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் கடற்கரை மணல் காய்ந்திருந்தால் தன் கனத்தையே தாங்காது. அவர் தரையில் காது வைத்துப் படுத்தார். பனஞ்சட்டங்களைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றைப் பரப்பி, அவற்றின் மேலேதான் நாங்கள் நிற்க வேண்டும் என்றார். ஒலி கடைசியாகக் கேட்ட இடத்திலிருந்து மூன்று முழம் தள்ளி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மணலை நனைத்து, நனைந்த மணலில் சரிவாகப் பள்ளம் எடுத்துக்கொண்டே பக்கவாட்டில் போய், நான்கு மணி நேரம் கழித்து, கையளவு ஒரு துளை விழுந்தபோது, அதன் வழியே மூக்கை நீட்டிக்கொண்டு மயிலை எங்களைப் பார்த்தான். மூக்கும் உதடும் கிழிந்திருந்தன. கண்களில் மணல் அப்பியிருந்தது. உள்ளே இருந்தது கீரியா, உடும்பா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டதும் அவன் செய்த முதல் காரியம், திமிறிக் கீழே குதித்து மறுபடியும் அந்தத் துளைக்குள் நுழையப் பார்த்ததுதான்.

அன்றிலிருந்து சில விதிகள் எங்கள் வீட்டில் மாறவே இல்லை. பனங்காட்டிலும் கருவேலங்காட்டிலும் அவனை அவிழ்த்துவிடுவதில்லை. வார் கட்டுவது கழுத்தில் இல்லை, மார்பில். பின்னோக்கி இழுத்தாலும் உருவிக்கொள்ள முடியாத இரட்டைப் பட்டை கொண்ட மார்பு வார். அதே வேளையில், கிட்டங்கியில் வேலைக்கு விடும்போது உடம்பில் எந்தப் பட்டையும் இருப்பதில்லை. இடுக்கில் ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டால் அதுவே சுருக்காகிவிடும். வெளிநாடுகளில் வளைக்குள் விடும் நாய்களின் கழுத்தில், மண்ணுக்கடியில் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியைக் கட்டுகிறார்கள். என்னிடம் அது இல்லை. ஆகவே என் நாய்க்கு வளையும் இல்லை.

அழைத்தால் வருவதற்குப் பழக்கிய கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். 15 மீட்டர் நைலான் கயிற்றை மார்பு வாரில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடிக்காமல் தரையில் இழுபட விட்டேன், தேவைப்பட்டால் மிதித்துக்கொள்ளலாம். குரலுக்குப் பதிலாக விசில் வைத்துக்கொண்டேன். கச்சான் காற்றிலும் அது ஓரளவு போகும். என் கோபமும் அதில் தெரியாது. நான் முதலில் செய்த பிழை, ஓட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது மட்டும் கூப்பிட்டது. கூப்பிட்டால் வேட்டை முடிந்தது என்று நாய் புரிந்துகொண்டால், அது வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அதன்பிறகு பத்து முறை விசில் அடித்தால் ஒன்பது முறை, வந்தவுடன் ஒரு துண்டு மீன் கொடுத்து, "போ" என்று உடனே திருப்பி அனுப்பினேன். வருவதனால் எதுவும் பறிபோவதில்லை என்பது அவன் மனத்தில் பதிய மூன்று மாதம் ஆயிற்று. ஒருமுறைதான் விசில் அடிப்பேன். வரவில்லையென்றால் கயிற்றை மிதித்து, கைமாற்றிக் கைமாற்றிச் சுருட்டி, திட்டாமல் கொண்டுவருவேன். இரண்டாம் முறை அடித்தால் முதல் விசிலுக்கு மதிப்பில்லை என்று நாமே சொல்லிக்கொடுப்பதாகிவிடும். ஏழு வயதான இன்றும், கண்ணெதிரே அணில் ஓடினால் அவன் வருவான் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். சாலை தெரியும் தூரத்தில் கயிறு இல்லாமல் விடுவதே இல்லை.

மீன் துண்டைவிடப் பெரிய பரிசு ஒன்று உண்டு. ஆறடி மூங்கில் கழியின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பழைய சாக்குத் துண்டைக் கட்டி, தரையோடு வட்டமாக இழுத்தால், இந்த நாய்க்கு உலகில் வேறெதுவும் தெரியாது. ஐந்து நிமிடம் போதும். அதற்குமேல் போனால் வெறி ஏறும். துரத்த, பிடிக்க, உலுக்க விட்டு, பின்பு "விடு" என்று சொல்லிச் சாக்கை அசைக்காமல் பிடித்திருந்தால், அசையாத இரையில் சுவை குறைந்து வாயைத் திறப்பான். திறந்த அந்த நொடியிலேயே மறுபடியும் ஓட்டம். விட்டால்தான் மறுபடி கிடைக்கும் என்ற இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்ட பிறகு, கண்ட கண்ட பொருளை வாயிலிருந்து பிடுங்கும் போராட்டம் வீட்டில் முடிவுக்கு வந்தது.

பறிப்பதற்கும் இடம் கொடுத்தோம். முற்றத்துப் பூவரச மரத்தடியில் ஆறடிக்கு நான்கடிக் குழியெடுத்து, கடல்மணலை நன்னீரில் அலசிக் கொட்டினேன். உப்பில்லாமல் அவித்த நெத்திலியைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக் கவிழ்த்து, தினமும் ஐந்தாறு இடங்களில் வேறு வேறு ஆழத்தில் புதைக்கிறோம். மூக்கைத் தரையில் வைத்து, மூச்சை இழுத்து இழுத்துத் தேடுகிற அந்த இருபது நிமிடம், கடற்கரையில் இரண்டு மணி நேரம் ஓடுவதைவிட அவனை ஆழ்ந்து தூங்கவைக்கிறது. என் மனைவியின் செடிகளை அவன் விட்டுவிட்டதற்கும் இதுவே காரணம்: செடியடியில் பறித்தால் ஒன்றும் கிடைப்பதில்லை, பூவரசடியில் பறித்தால் கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக அவனை மனிதனாக்கியது (வேறு சொல் தெரியவில்லை) கிட்டங்கி வேலைதான். கருவாடு இருக்கும் இடத்தில் எலி இருக்கும். சுவரடியில் பெருச்சாளி வளை இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம் கதவடைத்தபின், சாக்குப் பொதிகளுக்கு அடியில் இருக்கும் பலகைகளை ஒருவர் ஒன்றொன்றாக நெம்பித் தூக்க, மயிலை என் காலடியில் நின்று நடுங்கிக்கொண்டே காத்திருப்பான். நான் "போ" என்று சொல்லும்வரை பாயக் கூடாது. அந்தக் காத்திருப்பைக் கற்பிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. ஆனால் அதைக் கற்றபின்புதான், காத்திருந்தால் வேட்டை தன்னிடமே வரும் என்பது அவனுக்குப் புரிந்தது. எலியைக் கௌவி ஒரே உலுக்கு, கழுத்து முறிந்துவிடும், அடுத்ததற்குத் திரும்பிவிடுவான். முதல் வாரம் 17 எலிகள். பெருச்சாளி அப்படியல்ல, ஏறக்குறைய ஒரு கிலோ எடையில், மூலையில் நின்று எதிர்த்துக் கடிக்கும். பெருச்சாளி கடித்த தழும்புகள் அவன் முகத்தில் ஏழு இருக்கின்றன. அரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதில்லை. முடிந்ததும் வாயைத் திறந்து பார்த்து, முகத்தையும் பாதங்களையும் கழுவி, காயத்துக்கு மருந்திட்டு, துணி மூடிய கூண்டுக்குள் விடுவேன். அந்த இருட்டுக்குள் போனால்தான் அவன் உடம்பில் ஏறிய சூடு இறங்கும்.

இந்த வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை நான் தாமதமாகவே கற்றேன். நாய் எலி பிடிக்கும் இடத்தைச் சுற்றி எங்கும் எலிமருந்து இருக்கக் கூடாது. எங்கள் கிட்டங்கியில் இருந்ததை அகற்றிவிட்டேன். அருகில் இருந்த வேறொரு இடத்தில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு நாள் தள்ளாடியபடி வந்த எலியை மயிலை பிடித்துப் பாதியை விழுங்கிவிட்டான். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. நான்காம் நாள் அவன் எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாயிருந்தது, வயிற்றில் நீலம் பாரித்திருந்தது. புரோமடையலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறையாமல் தடுப்பவை, அவற்றின் வேலை தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனோம். வைட்டமின் கே-1 ஊசியில் தொடங்கி, நான்கு வாரம் மாத்திரையாகக் கொடுத்துத்தான் மீட்டார்கள். சிங்க் பாஸ்பைடு என்னும் வேறு வகை எலிமருந்துக்கு இப்படிப்பட்ட மாற்றுமருந்துகூட இல்லை. அந்த இடத்துக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. பொறிகளை நானே வாங்கிக் கொடுத்து, வாரம் ஒருமுறை மயிலையையும் அங்கே அனுப்புகிறேன் என்று பேசி முடித்தேன்.

எலியோடு பழகும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். ரேபிஸ் ஊசியோடு அதையும் நாள் தவறாமல் போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும் என்பதால் அந்த மாதங்களில் கிட்டங்கி வேலையைக் குறைத்துக்கொள்கிறேன். செத்த எலிகளை அள்ளும் நாங்களும் கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

கடற்கரையின் ஆபத்துகள் வேறு. வலையில் விழுந்து கரையில் எறியப்பட்ட பேத்தை மீன் கிடக்கும். அதன் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடும், மாற்றுமருந்து கிடையாது. கெளுத்தியின் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும் காய்ந்தபின்னும் குத்தும். கடல்நீரைக் குடித்துவிட்டு வாந்தியும் பேதியுமாகக் கிடப்பதும் நடக்கும்; ஆகவே ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் இல்லாமல் நான் கடற்கரைக்குக் கிளம்புவதில்லை. சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் மட்டுமே வெளியே போகிறோம். புறங்கையை மணலில் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நண்டு வளைகளைப் பறிக்க விடுவேன்; நண்டு அவன் மூக்கைப் பிடித்துத் தொங்கியும் இருக்கிறது. ஆனால் தை முதல் பங்குனி வரை கடற்கரையில் வார் அவிழ்ப்பதே இல்லை. பங்குனி ஆமை கரையேறி மணலில் நூறுக்கும் மேற்பட்ட முட்டையிடும் காலம் அது. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறையினர் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள்; மூக்கும் நகமும் கொண்ட ஒரு டெரியர் ஒரு கூட்டை அழிக்க, வேலியடியில் எடுத்துக்கொண்ட அதே நான்கு நிமிடம் போதும்.

ஊரில் இவனுக்குப் பெயர் பரவியபின், சில இளைஞர்கள் வந்து, "அண்ணே, ராத்திரிக்கு மயிலையக் குடுங்க, முயலுக்குப் போயிட்டு வந்துர்றோம்" என்று கேட்டார்கள். கன்னி நாய்களைக் கையில் பிடித்திருந்தார்கள். புதரிலிருந்து இவன் கிளப்ப, வெளியில் அவை பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான், சொல்லப்போனால் டெவன் பாதிரியாரின் கணக்கும் அதுவே. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலோ, உடும்போ, கீரியோ எதை வேட்டையாடினாலும் குற்றம். இந்த நாய் பிறந்த இங்கிலாந்திலேயே நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதை 2004இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்திவிட்டார்கள். இதைச் சொல்லித்தான் அனுப்பினேன். அவர்களில் ஒருவனின் மாமாவே அன்று மயிலையைத் தோண்டி எடுக்க உதவிய பனையேறி என்பதால், மறுப்பதற்கு எனக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது.

பாம்புக்கு மட்டும் நான் முழுத் தீர்வு கண்டுவிட்டதாகச் சொல்லமாட்டேன். இந்தப் பக்கத்து மணலில் சுருட்டை விரியன் உண்டு. டெரியர் பாம்பைக் கண்டு ஒதுங்கும் நாய் அன்று. விறகு அடுக்கை வீட்டைவிட்டுத் தள்ளி வைத்தோம், இருட்டில் டார்ச் இல்லாமல் முற்றத்தில் விடுவதில்லை, "விடு" என்ற சொல்லைத் தினமும் பழக்குகிறோம். கடித்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது ஒன்றே வழி; யாரிடம் மருந்து இருப்பில் இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் வைகாசியிலேயே விசாரித்து வைத்துக்கொள்கிறேன்.

இப்போது அவன் ஓட்டத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒரு பின்னங்காலை இரண்டு மூன்று எட்டுக்குத் தூக்கிக்கொண்டு, பிறகு எதுவும் நடக்காததுபோல ஊன்றி ஓடுகிறான். முழங்காற்சில்லு இடம் விலகி மறுபடி பொருந்துவதால் வருவது அது என்றும், சிறிய இனங்களில் அடிக்கடி காணப்படுவது என்றும், எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். என் தாயாரின் கைவண்ணத்துக்கு அன்றோடு தடை விழுந்தது. தடையை அவர் எந்த அளவுக்கு மதிக்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை.

இவனைப் பார்த்துவிட்டு, இதே இனத்தில் குட்டி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. குட்டியின் விலையைப் பற்றி நான் பேசுவதில்லை; இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை, கிட்டங்கிக்கு வந்து பலகை தூக்கச் சொல்கிறேன். இதுவரை நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் முதல் பெருச்சாளியோடு சரி. நான்காமவர், உச்சிப்புளிப் பக்கம் அரிசி மண்டி வைத்திருக்கும் இளைஞர், நான்கு மாலையும் வந்தார். கடைசி நாள் மயிலையின் வாயைத் திறந்து பல்லிடுக்கில் சிக்கியிருந்த எலிமயிரைத் தானே எடுத்துவிட்டு, வேலியடியில் கம்பிவலை எத்தனை அடி ஆழத்துக்குப் புதைக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.